ஆடி மாதத்து மாடி

எங்கள் ஊர் மொரப்பூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில் இருக்கிறது. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் பேரூராட்சி அதற்கும் ஒரு வரி போட்டுவிடும். இல்லாத மாடிக்கே எனக்கு வரி போட்டவர்கள் அவர்கள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆறு வாடகை வீடு பார்த்துவிட்டேன். ஒரு வீட்டுக்காரருக்கு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது பிடிக்கவில்லை. இன்னொருவருக்குத் திடீரென்று மகன் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டான். அந்த மகனை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. ஆறு தெருவிலும் அக்கம்பக்கத்தில் யாரும் என் பேரைக் கேட்டதில்லை. "லேப்ல வேலை செய்யற பொம்பள" என்பார்கள். இருந்துவிட்டுப் போகிறவர்களிடம் பேரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் மரிய ஆனந்த் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவருக்கு இதெல்லாம் உறைக்காது. எனக்கு உறைத்தது. எனக்கு வீடு வேண்டும் என்பதைவிட ஒரு தெரு வேண்டும் என்ற ஆசைதான் அதிகம்.

அதனால் போன மே மாதம் தரைத்தளம் மட்டும் உள்ள இந்தப் பழைய மெத்தை வீட்டை என் பேரில் கிரயம் செய்தோம். சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோடு ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் குடம், கையில் மாட்டுக்கு வெட்டிய சோளத்தட்டு. அவர்தான் சாலம்மாள்.

"நாலு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி உடுவான். இத வச்சிக்க. உன் பேரென்ன?"

"சில்வியாங்க."

"இனிமே இங்கதான இருப்பீங்க? வாடகைக்கு உட்டுட்டு எங்கியும் போயிர மாட்டீங்களே?"

"இல்லீங்கக்கா. இங்கதான்."

"அப்பச் சரி. வேலைக்குப் போறப்ப சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ. ரெண்டு மாட்ட உட்டுட்டு நான் எங்க போவப் போறேன்?"

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம், "இந்த வீட்டுக்குக் குடுத்த காசுல பாதி இந்தப் பக்கத்து வீட்டுக்கே குடுக்கலாங்க" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனி அந்த மாடி வந்த கதை. நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்களுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க எங்கள் பங்குச் சாமியாருக்கு ஆடி மாதத்தில்தான் நாள் கிடைத்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன், ஏனென்றால் ஆடியில் பந்தல்காரர்களுக்கு வேலை கிடையாது. பந்தல்காரர் மாது பாதி வாடகைக்கே ஒத்துக்கொண்டார். மொட்டை மாடியில் பந்தி வைக்க, சவுக்குக் கட்டை நட்டு, தகர ஷீட் போட்டு, சுற்றிலும் படுதா கட்டி, சீரியல் பல்பும் தொங்கவிட்டார். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, என் பந்தல் பறக்காதுங்க" என்று பெருமை வேறு.

சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். பிரியாணி தீர்ந்தது. சொந்தக்காரர்கள் பாத்திரம் பண்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாது மட்டும் தகரத்தை எடுக்க வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், "குடோன்ல தண்ணி பூந்துருச்சுங்க. ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் உங்க மாடியிலயே கெடக்கட்டுங்க. உங்களுக்கும் நெழலாச்சு" என்றார். சரி, நிழல்தானே என்று விட்டுவிட்டேன். துணி காயப்போடக்கூட வசதியாக இருந்தது.

வீட்டு வரியை என் பேருக்கு மாற்றச் சொல்லி ஏற்கெனவே மனு கொடுத்திருந்தேன். பேர் மாற்றினால் மறுபடி அளப்பார்களாம். பில் கலெக்டர் முருகேஷ் ஆடி கடைசி வாரம் அளக்க வந்தபோது நான் லேபில் இருந்தேன். சாலம்மாக்காதான் என் சாவியால் வீட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். கீழே அளந்தவர் மாடிக்கு ஏறவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். மோர் கொடுத்தாராம் சாலம்மாக்கா. குடித்துவிட்டுத்தான் போனாராம்.

அடுத்த மாதம் வரி வந்தது. வீட்டை எங்களுக்கு விற்றவர் கட்டிய வரியைப் போல மூன்று மடங்கு. தரைத்தளம் இவ்வளவு, முதல் தளம் தகரக் கூரையுடன் இவ்வளவு என்று போட்டிருந்தது. மொட்டை மாடிக்கு வெளிப் படிக்கட்டு ஒன்று உண்டு. அதைத் தவிர மேலே ஒரு செங்கல் கிடையாது. நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறி, வெட்டவெளியில் நின்று, முதல் தளத்தைத் தேடினேன். ஆவணி பிறந்து மாது தகரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். இரண்டு காக்கா உட்கார்ந்திருந்தன.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். முருகேஷ் மரியாதையானவர்தான், உட்காரச் சொன்னார். மரியாதையாகவே நம்மைப் பைத்தியமாக்குகிற ரகம்.

"மாடி இருக்குதுங்களே மேடம். போட்டோ இருக்குது." செல்போனைக் காட்டினார். படத்தில் தகரம், அதற்குக் கீழே படுதா, படுதாவின் மேல் வரிசையாக சீரியல் பல்பு.

"சார், அது பந்தல். வீடு மந்திரிக்கப் போட்டது. எந்த வீட்டு மாடிக்கு சார் சீரியல் பல்பு கட்டிக்கிட்டுக் குடியிருப்பாங்க?"

"ஆடி மாசத்துல யாராச்சும் பந்தல் போடுவாங்களா மேடம்? நாங்க ஊருக்குள்ள புழங்கறவங்க, எங்களுக்குத் தெரியாதா? ஆடியில ஒரு மாடி மேல தகரம் இருந்தா அது குடியிருக்கறதுக்குத்தான்."

"நாங்க போடுவோம் சார். நாங்க வேதக்காரங்க."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "சரிங்க, ஒரு நாளைக்குப் போடுவீங்க. உங்க பூசை முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு நான் வந்தேன், அப்பவும் இருந்துச்சே. ஆடிக் காத்துக்கே அசையலேன்னா அது பந்தலா மேடம்?"

மாதுவின் பெருமை என் தலையில் விடிந்தது.

"இப்ப இல்லையே சார். வந்து பாருங்க. மொட்டையா கெடக்குது."

"இப்ப இல்லேன்னா நீங்க இடிச்சிட்டீங்கன்னு அர்த்தம். இடிக்கறதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

அன்று நான் ஆபீஸ் வாசலில் நின்று சத்தமாகவே சிரித்தேன். அழுகை வந்தால் இந்த முருகேஷ் பார்த்துவிடுவாரே என்று சிரித்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் சாண் ஏறி முழம் சறுக்கிய கதை. பந்தல்காரரிடம் பில் வாங்கி வரச் சொன்னார்கள். மாதுவிடம் போனேன். "பில்லா? எங்கப்பா காலத்துலருந்து பில்லுன்னு ஒண்ணு போட்டதில்லீங்க" என்றார். கைப்பட ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினேன். "ஆடியில பாதி ரேட்டுக்குக் கட்டுனேன்னு எழுத்துல குடுத்தா, நாளைக்கு அத்தினி பேரும் பாதி ரேட்டு கேப்பாங்களே" என்று நழுவிவிட்டார். சாமியாரிடம் போனேன். அவர் பாவம், லெட்டர்பேடில் முத்திரை குத்தி, இன்ன தேதியில் இந்த வீட்டை மந்திரித்தேன், மாடியில் பந்தலில் விருந்து நடந்தது என்று அழகாக எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிப் பார்த்த ஆபீஸ் கிளார்க், "இவரு கெஸட்டட் ஆபீசருங்களா?" என்று கேட்டார்.

ஆன்லைனில் புகார் போட்டேன். இரண்டு நாளில், 'தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது' என்று செல்போனுக்கு வந்தது. ஓடிப்போய்க் கேட்டால், மனு வந்ததைப் படித்துவிட்டார்களாம், அதுதான் தீர்வாம்.

வீட்டில் என் வீட்டுக்காரர், "விட்ரு சில்வியா. கட்டித் தொலைச்சிரலாம். வருசத்துக்கு ஒரு செருப்பு கம்மியா வாங்கினோம்னு நெனச்சுக்குவோம்" என்றார்.

"ஏன் கட்டணும்? இல்லாத ஒண்ணுக்கு ஏன் கட்டணும்? நாளைக்கு இல்லாத கார் ஒண்ணு நிக்குதுன்னு சொன்னா அதுக்கும் கட்டுவீங்களா?"

அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "கார் என்ன கலரு?" என்றார். தட்டைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று ஆத்திரமாக வந்தது. லேபில் ரத்தம் எடுக்கும்போதுகூட ஊசி குத்துவது கொஞ்சம் வேகமாகிவிட்டது என்று ஒரு பேஷண்ட் சொன்னார்.

அத்தனைக்கும் ஆறுதல் சாலம்மாக்கா ஒருவர்தான். சாயங்காலம் சாவி வாங்கப் போனால், பால் கறந்துகொண்டே அன்றைக்கு ஆபீசில் நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்பார். முருகேஷ் சொன்னதை நான் சொல்லச் சொல்ல மாடே மிரள்கிற மாதிரி திட்டுவார். "எங்கிட்ட மோரு வாங்கிக் குடிச்சவன் கண்ணு எங்க போச்சு?" என்பார். கார்த்திகை பிறந்தபோது அவரே, "நாளைக்கி நான் வரேன். பந்தல் போட்டதும் பார்த்தேன், பிரிச்சதும் பார்த்தேன். சாட்சி வேணும்னாங்கல்ல? நான் சாட்சி" என்றார்.

காலை மாட்டு வேலையை மருமகள் யுவராணியிடம் விட்டுவிட்டு, பால் சொசைட்டிக்குக்கூடப் போகாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். முருகேஷிடம் நிற்கவே இல்லை. நேராகச் செயல் அலுவலர் அறைக்குள் போய்விட்டார். நான்தான் பின்னால் ஓடினேன்.

"சாருங்க, இந்தப் புள்ள மூணு மாசமா நடக்குது. நீங்க ஒரு நடை வந்து பாருங்க. மாடி இருந்தா எனக்கும் சேத்து வரி போட்டுக்கங்க."

அலுவலர் புதிதாக மாற்றலாகி வந்தவர், வயதில் சின்னவர். சாலம்மாக்காவின் பேச்சு அவருக்குப் பிடித்துப்போனது. "வியாழக்கிழமை நானே நேர்ல வர்றேங்கம்மா" என்றார். வெளியே வந்து நான் சாலம்மாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா செத்த பிறகு யாரும் எனக்காக ஒரு படி ஏறி இறங்கியது கிடையாது.

வியாழக்கிழமை சொன்னபடியே வந்தார். கூடவே முருகேஷ், கையில் டேப். சாலம்மாக்காவையும் சேர்த்து நாலு பேரும் மாடிக்கு ஏறினோம். அலுவலர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவர் எழுந்த அடையாளம் இருக்கிறதா என்று குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் மாது கயிறு கட்டிய இடத்தில் சுண்ணாம்பு உரிந்திருந்தது, அதையும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையே முருகேஷ். இத எப்படி முதல் தளம்னு எழுதினீங்க?"

முருகேஷ் முகம் கறுத்தது. "இப்ப இல்ல சார். அப்ப நான் பார்க்கறப்ப மாடி மாதிரியேதான் சார் இருந்துச்சு."

சாலம்மாக்காவுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த மூன்று மாதக் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. அது என் கோபம். எனக்காகச் சேர்த்துவைத்த கோபம்.

"மாடி மாதிரியா? மாடின்னா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமாய்யா? தெரியாட்டி அங்க பாரு!" கையை நீட்டிப் பக்கத்து மாடியைக் காட்டினார். "செங்கல் வச்சு, சிமெண்ட்டு பூசி, உள்ள டைல்ஸ் போட்டு, பாத்ரூமோட! அதுக்குப் பேரு மாடி! ரெண்டு தகரத்தப் பார்த்துட்டு மாடிங்கிறான்!"

எல்லோரும் திரும்பினார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்த ஓர் அறை. ஜன்னலில் பூப்போட்ட திரை. கொடியில் யுவராணியின் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த அறைக்கு வரி உண்டா என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சாலம்மாக்காவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். அவருக்கு அது புரியவில்லை. மகன் கல்யாணத்துக்காக நாலு வருடம் பால் காசைச் சேர்த்துக் கட்டிய அறை அது. யார் வந்தாலும் அந்த அறையைக் காட்டாமல் அனுப்ப மாட்டார்.

"அது யார் வீடும்மா?" என்றார் அலுவலர்.

"என் வூடுதாங்க!"

அலுவலர் முருகேஷைப் பார்த்தார். முருகேஷ் அதற்கு முன்பே செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக என் மனு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாதவர், சாலம்மாக்காவின் கணக்கை ஒரு நொடியில் எடுத்துவிட்டார்.

"தரைத்தளம் மட்டுந்தான் சார் இருக்கு. மாடி இல்ல."

அப்போதுதான் சாலம்மாக்காவின் கை கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் அலுவலருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அந்தப் பச்சை அறையை என் உடம்பால் மறைத்துவிட முடியும் என்று நினைத்தேனோ என்னவோ.

"சார், எங்க மாடிய மட்டும் பார்த்துட்டுப் போங்க சார். மனு நான் குடுத்ததுதான? நான் வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கு மாடியே போட்டுக்கங்க. நான் கட்டிடறேன்."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு மூன்று மாதமாக நான் கேட்கத் தவமிருந்த அந்த வார்த்தையை, மிகப் பொறுமையாகச் சொன்னார்.

"இல்லாத மாடிக்கு எப்படிம்மா வரி போட முடியும்? அது சட்டப்படி தப்பு."

"சார்..."

"அதே மாதிரிதாம்மா, இருக்கிற மாடிய இல்லைன்னும் எழுத முடியாது."

கெட்டவர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முருகேஷ் டேப்பைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு இறங்கிப் போனார். இந்த முறை மாடிப்படி ஏறித்தான் அளந்தார்.

ஒரே வாரத்தில் எனக்கு உத்தரவு வந்துவிட்டது. மாடி நீக்கப்பட்டது, வரி குறைக்கப்பட்டது. அதே நாளில் பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. எங்கள் பேரூராட்சிக்கு இவ்வளவு வேகமாக வேலை செய்யத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ஓசூரில் வேலை பார்க்கிற சாலம்மாக்காவின் மகன் அறிவழகன் வந்தான். அவன் போட்ட சத்தம் சுவரைத் தாண்டி எங்கள் சமையலறைக்குள் கேட்டது. "வேலியில போற ஓணானப் புடிச்சு வேட்டியில உட்டுக்கிட்டியேம்மா! எவளோ ஒருத்தி, நேத்து வந்தவ, அவளுக்காகப் போய் நம்ம வூட்டக் காட்டிக் குடுத்துட்டு வந்திருக்கியே!" சாலம்மாக்காவின் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவருக்குத் தெரிந்த உதவி அது.

திங்கட்கிழமை காலை யுவராணி வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணமாகி வந்த பெண், அதுவரை என்னைப் பார்த்தால் சிரிக்காமல் போனதில்லை. சாவியை நீட்டினாள்.

"இனிமே நீங்களே வச்சிக்கங்கக்கா. எங்களுக்கு வேல இருக்குது."

"யுவராணி, நான் வேணும்னு..."

"உங்களுக்குக் குறைஞ்சிதுல்லக்கா? சந்தோசமா இருங்க."

அதற்கப்புறம் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாலம்மாக்கா என்னைப் பார்த்தால் மாட்டுக்கொட்டகைக்குள் போய்விடுவார். தண்ணீர் வருகிற நாளில் முன்னெல்லாம் சுவரைத் தட்டி, "சில்வியா, தண்ணி வந்துருச்சு" என்பார். இப்போது தட்டுகிற சத்தம் இல்லை. ஒரு தடவை தண்ணீர் வந்து போனதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கேன் வாங்கிச் சமாளித்தேன். வாடகை வீட்டில் இருந்த மாதிரியே இருந்தது. உத்தரவைக் கிழித்துப் போடலாமா என்றுகூட நினைத்தேன். கிழித்தால் நகலுக்கு மனு போடச் சொல்வார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, தட்டில் கேக்கும் முறுக்கும் வைத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போனேன். யுவராணிதான் வந்தாள். தட்டை வாங்கவில்லை.

"கேக்கு குடுத்தா சரியாயிருமாக்கா? ஆறு வருசத்துக்குச் சேத்துக் கட்டணுமாம். எங்க வீட்டுக்காரரு தூங்கவே மாட்டேங்கறாரு. என் தாலிச் செயினக் கழட்டிக் குடுத்திருக்கேன்."

"ஆறு வருசத்துக்கா?"

"அப்படித்தான் போட்டிருக்குது."

"அந்த ரூம் எப்பக் கட்டினது?"

"எங்க கல்யாணத்துக்குத்தான். கல்யாணத்தன்னிக்குக் கூரைகூடப் போடல. ஆல்பத்துல பாருங்க, நாங்க வாசல்ல நிக்கறோம், மேல வெறும் பாதிச் சுவரு. அசிங்கமா இருக்குதுன்னு எங்க அம்மாகூடச் சொன்னாங்க."

"உங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசம்."

"ஆமா."

"அப்ப மத்த நாலு வருசத்துக்கு எந்த மாடிக்கு வரி?"

யுவராணி விரல் விட்டு எண்ணினாள். முருகேஷ் மறுபடியும் அதைச் செய்திருக்கிறார். படியேறி அளந்துவிட்டு, மறுபடியும் இல்லாத மாடிக்கு வரி போட்டிருக்கிறார். எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "சாலம்மாக்கா!" என்று அவர்கள் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினேன். "வெளிய வாங்க! இத விடக் கூடாது!"

அவர் வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்துப் பேசினார்.

"எதுவும் வேண்டாம்னு சொல்லு. கட்டிட்டுப் போறோம். என் வாயால வந்த வெனை. பையன் மொகத்துல முழிக்க முடியல. மறுக்கா அந்த ஆபீசுக்குப் போயி இன்னும் எத ஒளறுவேனோ."

"எனக்காக வந்த வாய்தானக்கா அது? நீங்க ஒண்ணும் ஒளறல. உண்மையச் சொன்னீங்க. ரெண்டு வருசத்துக்குக் கட்டுங்க, நான் வேண்டாங்கல. அந்த நாலு வருசத்த எதுக்குக் கட்டணும்? நீங்க இல்லாம எனக்கு இந்தத் தெருவுல யாருக்கா இருக்காங்க?"

கடைசியில் சொன்னதை நான் சொல்ல நினைக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது. சாலம்மாக்கா உள்ளே போய்விட்டார். தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் லேபுக்கு லீவு சொன்னேன். மனுவை எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றேன். கையில் ஆல்பம் இல்லை, கூட வர ஆள் இல்லை, அடுத்தவர் வீட்டு வரிக்கு நான் மனு கொடுத்தால் வாங்குவார்களா என்றும் தெரியாது. போய்ச் சண்டையாவது போடலாம் என்றுதான் கிளம்பினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. சாலம்மாக்கா சேலை மாற்றியிருந்தார். ஒரு கட்டைப்பையில் ஆல்பம் துருத்திக்கொண்டு இருந்தது. எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தார். நான் பின்னால் நடந்தேன். கடைத்தெரு முழுக்க அப்படியே போனோம், சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் ஒரே சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி.

முருகேஷ் எங்களைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார். சாலம்மாக்கா ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், நான் ஆல்பத்தை வாங்கித் திறந்து காட்டினேன். மாலையும் கழுத்துமாக அறிவழகனும் யுவராணியும் நிற்க, அவர்கள் தலைக்கு மேலே பூச்சு இல்லாத அரைச் சுவர். மூலையில் கல்யாணத் தேதி அச்சாகியிருந்தது. அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மேடம், உங்களுதுதான் முடிஞ்சு உத்தரவும் வந்துருச்சுல்ல? மறுபடி எதுக்கு வந்தீங்க?"

"இவங்க வரிக்கு மனு."

"அது அவங்க குடுக்கணும். நடுவுல நீங்க யாரு? சொந்தமா?"

வாயைத் திறந்தேன். என்ன சொல்ல? இவர் வீட்டைக் காட்டிக் கொடுத்த காரணம் நான்தான் என்றா? நேற்று வந்தவள் என்றா? மனுவை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன். முருகேஷ் என்னை விட்டுவிட்டு சாலம்மாக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இந்த மேடம் உங்களுக்கு யாரு?"

சாலம்மாக்கா கட்டைப்பையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் அன்று என்ன கிழமை என்றுகூட என்னால் படிக்க முடியவில்லை.

"எங்க தெருக்காரி," என்றார். "எழுதிக்க."

முருகேஷ் எழுதவில்லை. மனுவை வாங்கி ஒரு கல்லுக்கு அடியில் வைத்தார். "சார் தருமபுரிக்கு மீட்டிங் போயிருக்காரு. அடுத்த திங்கக்கிழமை வாங்க."

எனக்கு அந்தக் கல்லை எடுத்து எதன் மேலாவது போட வேண்டும் போல இருந்தது. சாலம்மாக்கா பெஞ்சிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வர்றோம்," என்றார்.